ஆர்.டி.எஸ். கேம்கள் ஏன் இவ்வளவு கஷ்டம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆட ஆரம்பித்த நண்பர்கள், அவர்களுடைய தம்பிகள், ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொள்கிறவர்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. தரவரிசையில் 1100 புள்ளியைச் சுற்றிச் சுற்றி வருகிறவன், அதாவது நடுவில் கிடக்கும் கூட்டத்தில் ஒருவன். தோற்ற அனுபவம் மட்டும் நிறைய உண்டு.

ஆர்.டி.எஸ். என்று எதைச் சொல்கிறீர்கள்?

நிகழ்நேர உத்தி விளையாட்டு என்று தமிழில் எழுதுகிறார்கள், வாயில் வருவது ஆர்.டி.எஸ். தான். மேலிருந்து பார்க்கும் ஒரு நிலப்பரப்பு, அதில் ஆட்களை வைத்து மரம் வெட்டி, தங்கம் தோண்டி, வீடு கட்டி, படை திரட்டி எதிராளியை ஒழிக்க வேண்டும். முறை வைத்து ஆடுவது கிடையாது, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். வெஸ்ட்வுட் ஸ்டுடியோஸ் 1992-இல் வெளியிட்ட டூன் 2 தான் இந்த அச்சை வார்த்தது. பிறகு 1994-இல் வார்கிராஃப்ட், 1995-இல் கமாண்ட் அண்ட் காங்கர், 1997-இல் முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 1998-இல் ஸ்டார்கிராஃப்ட் என்று வரிசையாக வந்தன. நான் சொல்லப்போகும் உதாரணங்கள் பெரும்பாலும் 1999-இல் வந்து, 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷனாகப் புதுப்பிக்கப்பட்ட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இலிருந்து. எனக்குத் தெரிந்தது அதுதான். நடுவில் கொஞ்சம் ஸ்டார்கிராஃப்ட் வரும்.

எனக்குச் செஸ் நன்றாக வரும். இது அதைவிடக் கஷ்டமா?

கஷ்டத்தின் ஜாதியே வேறு. செஸ்ஸில் பலகை முழுக்கக் கண் முன்னால் இருக்கிறது, நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது எதிராளி காயைத் தொட முடியாது. இங்கே நீங்கள் தாடையில் கை வைத்து யோசிக்கிற நேரத்தில் அவன் நாலு ஆளை உருவாக்கி நாலு வேலைக்கு அனுப்பிவிடுவான். அவன் என்ன செய்கிறான் என்பதும் தெரியாது. உங்கள் ஆட்கள் நிற்கிற இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம், மீதியெல்லாம் மூட்டம்.

திரையின் மேலே மரம், உணவு, தங்கம், கல் என்று நாலு பொருளின் இருப்பு எண்ணாகத் தெரியும். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதற்கு எண் கிடையாது. உங்கள் கவனம். அடுப்பில் பால், குக்கரில் பருப்பு மூணாவது விசிலுக்குக் காத்திருக்கிறது, வாசலில் சிலிண்டர்காரர் பெல் அடிக்கிறார், போனில் அத்தை. இதில் எந்த வேலையும் கஷ்டமான வேலை இல்லை. நாலும் சேர்ந்து வருவதுதான் பிரச்சினை, அதிலும் பால் பொங்குவதற்கு முன் குரல் கொடுக்காது. ஆர்.டி.எஸ். முழுக்க இந்த மாதிரிப் பால்கள்தான்.

ஆரம்பத்தில் சண்டையே இல்லையே, அப்போது என்ன கஷ்டம்?

முதல் மூன்று நிமிடத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். கையில் ஒரு டவுன் சென்டர் (ஆட்களை உருவாக்கும் ஊர் நடுக் கட்டடம்), மூன்று வில்லேஜர்கள் (வேலையாட்கள்), ஒரு குதிரை ஸ்கவுட் (வேவு பார்க்கிறவன்). கஜானாவில் 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, அப்படியானால் உடனே நாலு பேரை வரிசையில் போடலாம். ஆனால் டவுன் சென்டர் 5 பேருக்குத்தான் இடம் தரும், ஸ்கவுட்டோடு சேர்த்து ஏற்கெனவே 4 பேர். முதல் ஆள் வெளியே வந்ததுமே வீடு நிறைந்துவிட்டது என்று ஆட்டம் நின்றுவிடும். அதனால் முதல் நொடியிலேயே இருந்த மூன்று பேரை வீடு கட்ட அனுப்ப வேண்டும், 25 மரத்துக்கு ஒரு வீடு, அதில் ஐந்து பேருக்கு இடம். இதற்கிடையில் ஸ்கவுட் ஆடு தேடி வட்டமடிக்க வேண்டும், ஏனென்றால் கையில் இருந்த 200 உணவும் அந்த நாலு பேருக்கே சரியாகிவிட்டது, ஆட்டுக்கறி வந்தால்தான் ஐந்தாவது ஆள்.

கடிகாரத்திலும் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரு வில்லேஜர் வெளியே வர 25 விநாடி என்று கேம் சொல்லும். ஆனால் தரவரிசை ஆட்டங்கள் 1.7 மடங்கு வேகத்தில் ஓடுகின்றன, உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரப்படி அது 15 விநாடிக்கும் குறைவு. அதாவது 15 விநாடிக்கு ஒருமுறை புது ஆள் ஒருவன் வந்து "ஐயா, எனக்கு என்ன வேலை" என்று நிற்பான்.

அப்புறம் காட்டுப்பன்றி வரும். ஒரு பன்றியில் 340 உணவு இருக்கிறது, ஒரு ஆட்டில் 100 தான், அதனால் விட மனசு வராது. ஒரு வில்லேஜரைத் தனியாக அனுப்பிப் பன்றிமேல் அம்பு விடச் சொல்ல வேண்டும். அது துரத்தும், அவனை டவுன் சென்டருக்கு ஓட்டி வர வேண்டும், ஆடு உரித்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் சேர்ந்து அதை அடிக்க வேண்டும். வில்லேஜருக்கு உயிர் 25 புள்ளிதான், பன்றி நாலு முட்டு முட்டினால் கதை முடிந்தது. சரி, பன்றியைப் பார்த்தே ஓட்டுகிறீர்கள், ஆள் பிழைத்துவிட்டான், பெருமூச்சு விடுகிறீர்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு விநாடியில் டவுன் சென்டர் சும்மா நின்றுவிட்டது, புதிதாக வந்த ஆள் வாசலிலேயே நிற்கிறான், ஸ்கவுட் ஏதோ ஒரு மரத்தடியில் அசையாமல் இருக்கிறது. எதிரி இன்னும் உங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து விநாடி சும்மா நின்றால் என்ன குடி முழுகிவிடும்?

பத்து விநாடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பத்துப் பத்தாகச் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகும், புதியவர்களுக்குச் சர்வசாதாரணமாக ஆகும். கேம் கடிகாரப்படி இரண்டு நிமிடம் என்றால் ஏறக்குறைய 5 வில்லேஜர்கள். ஒரு வில்லேஜர் நடையெல்லாம் போக நிமிடத்துக்குச் சுமார் 20 உணவு கொண்டுவருவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 பேர், 10 நிமிடம், 20 வீதம்: ஆயிரம். ஒரு நைட்டுக்கு, அதாவது கவசக் குதிரை வீரனுக்கு, 60 உணவும் 75 தங்கமும் ஆகும், கூட்டினால் 135. ஆக ஏழு நைட்கள். இருபதாவது நிமிடத்தில் எதிராளியிடம் பத்து நைட், உங்களிடம் மூன்று, "இவன் எப்படிடா இவ்வளவு வேகமாகப் பண்ணினான்" என்று கேட்கிறீர்கள். அவன் வேகமாக எதுவும் பண்ணவில்லை, அவன் டவுன் சென்டர் நிற்காமல் ஓடியது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் இந்த வகை கேமின் மொத்தக் கஷ்டமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சண்டை கேமில் அடி வாங்கினால் அந்த நொடியே தெரியும். குதித்துத் தாண்டும் கேமில் பள்ளத்தில் விழுந்தால் எங்கே தப்பு என்று குழந்தைக்கும் புரியும். இங்கே ஆறாவது நிமிடத்தில் செய்த தப்புக்கு இருபத்திநாலாவது நிமிடத்தில் பில் வருகிறது, பில்லில் காரணம் எழுதியிருக்காது. அதனால் நாம் கடைசிச் சண்டையைக் குறை சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டத்தில் அதே தப்பை இன்னும் அழகாகச் செய்கிறோம்.

காம்பெயின் எல்லாம் முடித்துவிட்டேன். ஆன்லைனில் போனால் 20 நிமிடத்தில் காலி. ஏன்?

காம்பெயின் என்பது தனியாக ஆடும் கட்டங்களின் தொடர், கதை சொல்வதற்காகச் செய்தது. பெரும்பாலான கட்டங்களில் எதிரி தன் இடத்தில் காத்திருப்பான், நேரம் எடுத்து 200 பேர் படையைத் திரட்டிக்கொண்டு போய் மோதலாம். அது படம் பார்ப்பது மாதிரி நல்ல அனுபவம், நானே இன்னும் ஆடுகிறேன், ஆனால் அது கற்றுத் தரும் பழக்கம் ஆன்லைனுக்கு நேர் எதிர். மதில் கட்டு, உட்கார், எல்லா மேம்பாட்டையும் வாங்கு, பிறகு கிளம்பு. ஆன்லைனில் நீங்கள் மதில் கட்டி முடிப்பதற்குள் மூன்று ஸ்கவுட் குதிரைகள் உள்ளே வந்து மரம் வெட்டுகிறவர்களைத் துரத்திக்கொண்டிருக்கும்.

ஆனால் டெஃபினிட்டிவ் எடிஷனில் ஆர்ட் ஆஃப் வார் என்று தனியாகப் பயிற்சிக் கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். ஆரம்பப் பொருளாதாரம், வேகமாக அடுத்த யுகம் (ஊரின் அடுத்த வளர்ச்சி நிலை) போவது, ரஷ்ஷை, அதாவது ஆரம்பத்திலேயே பாய்ந்து வரும் தாக்குதலைத் தடுப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்து, நேரம் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம் தருவார்கள். முதலாவதில் தங்கம் வாங்கப் பாருங்கள். எனக்கு மூன்று ராத்திரி ஆனது.

கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறதா?

1999 பதிப்பில், ஆம். அதன் உச்ச நிலையில் கம்ப்யூட்டருக்கு இலவசமாகப் பொருள் கிடைத்தது. டெஃபினிட்டிவ் எடிஷனில் வந்த புது கம்ப்யூட்டர் எக்ஸ்ட்ரீமில்கூட அப்படி எதுவும் வாங்காமலே ஆடுகிறது, நியாயமாக ஆடியே நம்மை நசுக்குகிறது, அது இன்னும் அவமானம். ஸ்டார்கிராஃப்ட் 2 இந்த விஷயத்தில் நேர்மை: அதன் கடைசி மூன்று நிலைகளின் பெயரே சீட்டர் 1, 2, 3.

கம்ப்யூட்டரின் பலம் புத்தியில் இல்லை. அது ஒரே நேரத்தில் 40 இடத்தைப் பார்க்கிறது, களைப்பதில்லை, பன்றியைப் பார்த்துப் பதறுவதில்லை. பலவீனமும் அதேதான். பழக்கத்தில் ஓடுவதால் இரண்டு மூன்று கோபுரத்தை வைத்து அதன் படையை வாரக்கணக்கில் ஒரே இடத்தில் சாகடிக்கலாம். அப்படி ஜெயித்துப் பழகினால் மனிதர்களிடம் ஆடும்போது வயிறெரியும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

விரல் வேகம் இல்லாவிட்டால் ஆட முடியாதா?

தொழில்முறை ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300-க்கு மேல் கட்டளை கொடுப்பார்கள், பார்க்கப் பியானோ வாசிப்பது போலிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஓடியவர்கள் பலர். ஆனால் 2019-இல் நடந்த ஒரு விஷயம் இதைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றியது.

டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவை ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடப் பழக்கியது. அது டி.எல்.ஓ., மானா என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களையும் 5-0, 5-0 என்று வீழ்த்தியதை அந்த ஜனவரியில் காட்டினார்கள். அதன் சராசரி நிமிடத்துக்குச் சுமார் 280 கட்டளைதான், மானாவைவிடக் குறைவு! (சண்டை உச்சத்தில் மட்டும் மனிதக் கையால் ஆகாத வேகத்துக்குப் போனது, அதற்காக நிறைய பேர் திட்டினார்கள், நியாயம்தான்.) ஆனால் அதற்கு இன்னொரு சலுகை இருந்தது: திரையை நகர்த்தாமலே, மூட்டம் விலகிய இடம் அத்தனையும் ஒரே பார்வையில் அதற்குத் தெரிந்தது. நேரலையில் நடந்த கடைசி ஆட்டத்தில், நம்மைப் போலத் திரையை நகர்த்திப் பார்க்க வேண்டிய ஒரு பதிப்பை இறக்கினார்கள். மானா ஒரு பறக்கும் வண்டியில் இரண்டு கனமான ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், அதன் சுரங்கத்தின் பின்னால் இறக்கினார். அது மொத்தப் படையையும் திருப்பிக்கொண்டு ஓடி வந்தது. அவர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார், படை திரும்பிப் போனது, மறுபடி வந்து இறக்கினார், மறுபடி ஓடி வந்தது. அப்படியே இழுத்தடித்து ஜெயித்தார்.

இயந்திரத்துக்கும் கவனத்தைப் பங்கு போடுவதில்தான் இடறியது. (அதே வருடம் அக்டோபருக்குள் திரையை நகர்த்தும் கட்டுப்பாட்டோடே கிராண்ட்மாஸ்டர் நிலைக்குப் போய்விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

நம் நிலைக்கு வேகம் என்றால் இவ்வளவுதான்: ஹெச் அமுக்கினால் டவுன் சென்டர், கியூ அமுக்கினால் வில்லேஜர், முற்றுப்புள்ளியை அமுக்கினால் சும்மா நிற்கிற ஆள். இந்த மூன்று விசை கண் பார்க்காமல் விரலுக்கு வந்தால், நிமிடத்துக்கு 40, 50 கட்டளையோடு நடுத்தர நிலை வரை போகலாம். இதற்கு மேல் வேகம் வேண்டும் என்பது மாங்கனெல் கல்லுக்கு முன்னால் நிற்கும்போதுதான் தெரியும்.

மாங்கனெல் என்றால்?

கல்லெறியும் வண்டி. அது எறிந்த கல், ஆள் நின்ற இடத்துக்குத்தான் வரும், ஆள் நகர்ந்தால் பின்தொடராது. எனவே கல் கிளம்பியதும் உங்கள் வில்லாளிகளைக் கத்தரித்த மாதிரி இரண்டாகப் பிரித்து விலக்கினால் கல் வெறும் மண்ணில் விழும். விலக்காவிட்டால் ஒரே கல்லில் பத்துப் பதினைந்து பேர் காலி, பத்து நிமிட உழைப்பு ஒரு விநாடியில் தரைமட்டம். இந்த மாதிரிக் கைவேலைக்கு மைக்ரோ என்று பெயர். ஊரைக் கவனிப்பது, ஆள் உற்பத்தி, பொருளைச் செலவழிப்பது எல்லாம் மேக்ரோ. எல்லாரும் மைக்ரோ கற்றுக்கொள்ளத்தான் ஆசைப்படுவார்கள், பார்க்க அழகாக இருப்பதால். கல்லை ஏமாற்றிக்கொண்டிருந்த அந்த எட்டு விநாடியில் ஊர் நின்றுவிட்டது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் படைதான் பெரியது. எப்படித் தோற்றேன்?

மூன்றில் ஒன்றாக இருக்கும். எடுத்த படை வகை தப்பு: 35 உணவும் 25 மரமும் தந்து வாங்கும் ஈட்டிக்காரன், உங்கள் 135 பொருள் நைட்டைக் குத்திச் சாய்ப்பான். மேம்பாடு இல்லை: கருமான் கூடத்தில் அவன் இரண்டு மூன்று வாங்கியிருப்பான், நீங்கள் அந்தக் கட்டடத்தைக் கட்டியதோடு மறந்திருப்பீர்கள். அல்லது படை வரிசையாகப் போய் ஒவ்வொருவராக மாட்டியிருக்கும், பெரிய படை என்பது ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் பெரிய படை.

நான்காவது ஒன்றும் உண்டு, மேலே 900 மரம் செலவழியாமல் கிடந்திருக்கும். பணக்காரனாகச் சாவது ஆர்.டி.எஸ்.ஸில் மிகச் சாதாரணமான சாவு.

ரஷ் பண்ணுவது அநியாயம் இல்லையா?

எங்கள் ஹாஸ்டலில் அப்படித்தான் நினைத்தோம். இரண்டாம் வருடம், நாலு அறைக்கு லேன் கேபிளை வராந்தா வழியாக இழுத்து, ராத்திரி பதினொரு மணிக்கு ஆட உட்கார்வோம். அரை மணி நேரம் யாரும் யாரையும் தாக்கக் கூடாது என்று சத்தியம். முப்பதாவது நிமிடம் நாலு பேரும் யானையும் கோட்டையுமாக நிற்போம், அப்புறம் பெரிய மோதல், ஒரே கூச்சல், வார்டன் வருவார். அருமையான நாட்கள், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும்.

ஒருநாள் ஒருத்தன் பதினொன்றாவது நிமிடத்தில் நாலு குதிரையோடு என் விறகுக் கொட்டகைக்கு வந்துவிட்டான். "சத்தியத்தை மீறிட்டான்டா" என்று சண்டை, அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. பல வருடம் கழித்துத்தான் புரிந்தது, எங்கள் நாலு பேரில் நிஜமாக அந்த கேமை ஆடியவன் அவன் ஒருத்தன்தான். ரஷ் இல்லையென்றால் எல்லாரும் பேராசைக்காரர்களாகி, படையே இல்லாமல் ஊரை மட்டும் வளர்ப்பார்கள். பேராசைக்காரனை ரஷ் அடிக்கும், ரஷ்காரனை நாலு ஈட்டியும் ஒரு மரவேலியும் வைத்தவன் அடிப்பான், வேலி வைத்து உட்கார்ந்தவனைப் பேராசைக்காரன் பிற்பாடு அடிப்பான். மூன்றில் எது நடக்கிறது என்று போய்ப் பார்ப்பதற்குத்தான் ஸ்கவுட்டே இருக்கிறது.

பில்ட் ஆர்டரை மனப்பாடம் பண்ணுவது பரீட்சைக்குப் படிப்பது மாதிரி இல்லையா?

ஆமாம், அதே மாதிரிதான். முதல் ஆறு பேர் ஆட்டுக்கு, அடுத்த மூன்று நாலு பேர் மரத்துக்கு, அடுத்தவன் பன்றிக்கு என்று ஒரு பட்டியல். பலருக்கு இது பிடிக்காது, "உத்தி கேமில் நெட்டுரு எதற்கு" என்பார்கள். கோலம் போடுகிறவர் புள்ளியை யோசித்து வைப்பதில்லை, கை வைத்துவிடும், யோசனையெல்லாம் இழைக்குத்தான். முதல் பத்து நிமிடம் கை தானாக ஓடினால் கண்ணுக்கு எதிராளியைப் பார்க்க நேரம் கிடைக்கும். ஒரே ஒரு பட்டியலைப் படியுங்கள். ஏழு பட்டியலைச் சேமித்து வைத்துக்கொண்டு ஒன்றும் வராதவர்களை எனக்குத் தெரியும்.

லேப்டாப் டச்பேடில் ஆடலாமா?

முடியாது. ஒரு மவுஸ் வாங்குங்கள்.

பழைய கேம்கள் இன்னும் கஷ்டமாமே?

கஷ்டம்தான், ஆனால் அதில் ஒரு பங்கு கருவியின் கஷ்டம். முதல் வார்கிராஃப்டில் ஒரே நேரத்தில் 4 பேரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இரண்டாவதில் 9, ஸ்டார்கிராஃப்டில் 12. நூறு பேர் படையை நகர்த்த ஒன்பது தடவை பிடிக்க வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் 2 அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இலும் பழைய பதிப்பில் வயல் தீர்ந்தால் ஒவ்வொன்றாகப் போய் மறுபடி விதைக்க வேண்டும், இப்போது தானாக விதைத்துக்கொள்ளும்.

இது நல்லதா என்று பெரிய சண்டையே உண்டு. வரம்பு இருந்ததால்தான் கொரிய ஆட்டக்காரர்களின் கைத்திறன் அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது, அதைப் பார்க்கத் தொலைக்காட்சிச் சேனலே வைத்தார்கள் என்று ஒரு கட்சி சொல்லும். நான் மறுகட்சி. வயல் விதைப்பதில் எந்த உத்தியும் இல்லை, மிச்சமான கவனத்துக்கு வேறு பத்து வேலை காத்திருக்கிறது. வயல் தானாக விதைத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகும் நான் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஐம்பது ஆட்டம் ஆடியும் 800-லேயே நிற்கிறேன். எனக்கு வராதா?

டெஃபினிட்டிவ் எடிஷனில் எல்லாரும் 1000-இல் ஆரம்பிப்பார்கள். ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும், சமமான ஆளோடு என்றால் 16 புள்ளி போலப் போகும் வரும். இது செஸ்ஸுக்காக அர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த கணக்கு. இதன் சூது என்னவென்றால், உங்களுக்கு எப்போதும் சமமான ஆளையே தேடித் தரும். நீங்கள் தேறினால் அவனும் தேறியவனாக இருப்பான். அதனால் 800-இலும் பாதி தோற்பீர்கள், 1500-இலும் பாதி தோற்பீர்கள். எத்தனை வருடம் ஆடினாலும் கேம் சுலபமாகவே ஆகாது! மற்ற கேம்களில் பத்து மணி நேரம் ஆடினால் ஒரு பெரிய வாள் கிடைக்கும், இங்கே பெரிய எதிராளி கிடைப்பான்.

புள்ளியைப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள், நானும் கேட்பதில்லை. அதனால் வேறொன்று சொல்கிறேன்: தோற்ற ஆட்டத்தின் ரெக்கார்டிங்கைப் பாருங்கள், உங்கள் பக்கமிருந்து இல்லாமல் எதிராளியின் பக்கமிருந்து. போன மாதம் ஒரு ஆட்டம், 24-ஆவது நிமிடத்தில் என் தங்கச் சுரங்கத்தில் அவன் நைட்கள் புகுந்ததால் தோற்றேன் என்று நினைத்திருந்தேன். திரும்பப் பார்த்தால், ஆறாவது நிமிடத்தில் நான் ஸ்கவுட்டை வைத்து அவன் ஆட்டைத் திருடப் போனபோது என் டவுன் சென்டர் 40 விநாடி சும்மா இருந்தது. ஆடும் கிடைக்கவில்லை. பதினொன்றில் வீடு கட்டி முடித்த மூன்று பேர் அந்த வீட்டுக்குப் பின்னாலேயே இரண்டு நிமிடம் நின்றார்கள், வீடு மறைத்ததால் கண்ணில் படவில்லை. இருபதாவது நிமிடத்தில் அவனிடம் 62 வில்லேஜர், என்னிடம் 47. அவன் ஒன்றும் மேதை இல்லை, பன்றியிடம் ஒருத்தனைப் பறிகொடுத்தான், மதிலில் ஒரு ஓட்டையைக் கடைசிவரை அடைக்கவே இல்லை. நான் போய்ப் பார்த்திருந்தால் அந்த வழியாகவே உள்ளே போயிருக்கலாம்.

திராவிடர் நாகரிகத்தை எடுத்தால் கஷ்டமா?

2022-இல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற தொகுப்பில் வந்தது. ராஜேந்திர சோழனுக்கு ஒரு காம்பெயினே உண்டு, வில்லேஜரைத் தொட்டால் தமிழில் பதில் சொல்வான், முதல் தடவை கேட்டபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை சும்மா தொட்டுக்கொண்டிருந்தேன். உருமி வீரன், திரிசடை என்ற போர்க்கப்பல் இரண்டும் இவர்களுக்கே உரியவை. யுகம் மாறும்போதெல்லாம் 200 மரம் இலவசம், காலாட்படை மேம்பாடுகள் பாதி விலை, தண்ணீர் வரைபடத்தில் அசத்தல்.

ஆனால் நைட் கிடையாது. நிலத்தில் வேகமாகப் போய் அடித்துவிட்டு ஓடி வரும் பலமான குதிரைப்படை இல்லாததால், தப்பு செய்துவிட்டு ஓடித் தப்பிக்க முடியாது. பாசத்தில் எடுக்கிறவர்களைத் தடுக்க மாட்டேன், நானும் அப்படித்தான் எடுத்தேன். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் குதிரை உள்ள சாதாரண நாகரிகம் ஏதாவது, உதாரணமாக ஃபிராங்க்ஸ், இரண்டு மாதம் ஆடிவிட்டு வாருங்கள்.

முப்பத்தைந்து வயதாகிவிட்டது, இனிமேல் வருமா?

வரும். நார்வேக்காரர் தி வைப்பர் பத்து வருடத்துக்கும் மேலாக இந்த கேமின் உச்சி ஆட்டக்காரர்களில் ஒருவர். நமக்கு இடைஞ்சல் வயது இல்லை, 40 நிமிடத்துக்குள் யாராவது கூப்பிட்டுவிடுவதுதான். குழந்தை எழுந்து வந்தால் ஆட்டம் போச்சு, ஆன்லைனில் நீங்கள் பால் ஆற்றிக் கொடுத்துவிட்டு வரும்வரை எதிராளி காத்திருக்க மாட்டான். அதனால் நான் வாரத்துக்கு இரண்டு ஆட்டம், எல்லாரும் தூங்கிய பிறகு.

இவ்வளவு கஷ்டம் என்பதால்தான் இந்த கேம்கள் குறைந்துவிட்டனவா?

ஒரு பங்கு அதுதான். 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3-க்கு ரசிகர்கள் செய்த டோட்டா என்ற மாற்று வடிவத்தில் ஊரும் இல்லை, வில்லேஜரும் இல்லை, ஆளுக்கு ஒரே ஒரு நாயகன். பால், பருப்பு, சிலிண்டர் மூன்றையும் தூக்கிவிட்டு ஒரு அடுப்பை மட்டும் வைத்த மாதிரி. 2009-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. தோற்றால் பழி போட நாலு கூட்டாளிகள் கிடைப்பதும் ஒரு வசதி, இங்கே தோற்றால் நீங்கள் மட்டும்தான். ஆனால் செத்துப்போன வகை என்று சொல்வது தப்பு. 2021-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4 வந்தது, இரண்டாவதற்கும் புதுத் தொகுப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன.

போட்டியே வேண்டாம், நிம்மதியாக ஆட வழி இருக்கிறதா?

தாராளமாக. தே ஆர் பில்லியன்ஸ் கேமில் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஆற அமரக் கட்டளை கொடுக்கலாம், 2023-இல் வந்த கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 3-இலும் தனி ஆட்டத்தில் அந்த வசதி உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் வேகத்தைக் குறைத்து, கம்ப்யூட்டரை மாடரேட்டில் வைத்து, மதில் கட்டி, கோட்டை கட்டி, ராஜேந்திரனின் கப்பல்களைக் கடலில் வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். போன தீபாவளிக்கு அந்தப் பழைய நாலு பேரும் ஆன்லைனில் சேர்ந்தோம், மறுபடி அரை மணி நேரச் சத்தியம். பதினோராவது நிமிடத்தில் நாலு குதிரை வந்தது. அதே ஆள்தான். இந்தத் தடவை விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஈட்டிக்காரர்கள் இரண்டு பேரை நிறுத்தி வைத்திருந்தேன்.